மதார் சாயபுவின் போதையை அளந்த கதை

ஒருவன் குடித்திருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவன் பக்கத்தில் போய் நின்றால் போதும். மூக்கு சொல்லிவிடும். ஆனால் பிரான்சு தேசத்துக் குடியரசு எங்களை ஆண்ட காலத்தில் மூக்கு சொல்வதெல்லாம் சாட்சியம் ஆகாது. அதனால், வில்லியனூர் சுல்தான்பேட்டையில் மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த மதார் சாயபு ஒரு சந்தை நாளில் குடித்திருந்தாரா என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பிடித்தன. கண்டுபிடித்தும் விட்டார்கள். அதுதான் கஷ்டம்.

மதார் சாயபு நல்ல மனிதர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, லாடம் அடித்து, எழுப்பி நிறுத்துகிற வரைக்கும் அதட்டி ஒரு சொல் சொல்ல மாட்டார். பெண்டாட்டி மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு சந்தை நாளில் மட்டும் குழந்தைவேலுவின் சாராயக் கடைப் பக்கம் ஒதுங்குகிற பழக்கம் வந்துவிட்டது. மார்க்கம் தடுத்த சரக்கு என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பின்வாசல் வழியாகப் போவார்.

அன்றைக்கு அவர் பக்கத்தில் திருக்கனூர் மாட்டுத் தரகர் கவுஸ் சாயபு வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வீட்டில் இரண்டு மனைவிகள் இருந்தார்கள், மனசில் மூன்றாவதற்கும் இடம் இருந்தது. மதார் சாயபுவுக்கு சைனம்பு என்று ஒரே மகள். லாடம் அடிக்க மாட்டைக் கொண்டுவரும்போதெல்லாம் கவுஸ் சாயபு அவளைப் பார்த்த பார்வையை ஊரே பார்த்திருக்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.

நாலைந்து கிளாஸ் ஆனதும், மாட்டு வியாபாரத்தில் செய்வதுபோலத் துண்டைப் போட்டு அதற்கடியில் மதார் சாயபுவின் கையைப் பிடித்துக்கொண்டார் தரகர்.

"உன் பொண்ண எனக்கு நிக்காஹ் செஞ்சி குடுக்கறியாபா?"

"குடுத்தேன்" என்றார் மதார் சாயபு.

"நான் கபூல் செஞ்சேன்" என்றார் கவுஸ் சாயபு.

எதிரே உட்கார்ந்திருந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் அதே மார்க்கத்தார்தான். அதே நிலைமையில்தான் இருந்தார்கள். இரண்டு சாட்சி முன்னால் ஒருவர் கொடுத்தேன் என்று, மற்றவர் கபூல், அதாவது ஏற்றேன், என்றால் நிக்காஹ் ஆகிவிடும். அவர்கள் சாட்சி என்று ஆனது.

மறுநாள் காலையில் சுல்தான்பேட்டையில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் தாம்பாளத்தில் பட்டுச் சேலையும் வெற்றிலை பாக்கும் கொண்டுவந்து நீட்டினான்.

"யாருக்கு?" என்றாள் சைனம்பு.

"எசமான் சம்சாரத்துக்கு."

"அவங்க இங்க எதுக்கு வந்தாங்க?"

"நீங்கதாம்மா அவங்க."

சைனம்பு திரும்பி அப்பனைப் பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தெளியாத போதை மதார் சாயபுவுக்கு அந்த நிமிஷத்தில் தெளிந்தது.

"அத்தா, இன்னா பண்ணிட்டு வந்த?"

"தெரியலம்மா. அவன் ஏதோ கேட்டான். நான் ஏதோ சொன்னேன்."

அவள் சேலையைத் தாம்பாளத்தோடு வண்டிக்குள் தள்ளிவிட்டு, அத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஊரில் நிக்காஹ் நடத்திவைக்கிற காஜியார் வீட்டுக்குப் போனாள். காஜியார் நடந்ததை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மதார் சாயபுவை வாயில் வந்தபடி திட்டினார். திட்டி முடித்ததும் சைனம்புவிடம் திரும்பினார்.

"வயசு வந்த பொண்ணு நீ. உன்னை எவனாச்சும் கேட்டானா?"

"இல்ல."

"இப்ப நான் கேக்கறேன். உனக்கு சம்மதமா?"

"இல்ல."

"அவ்வளவுதான். போய் வேலயப் பாருங்க."

இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் எனக்குக் கதை கிடைத்திருக்காது, அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை கிடைத்திருக்கும்.

ஆனால் தரகன் பிடித்த கையை அவ்வளவு லேசில் விடுவானா? கவுஸ் சாயபு நேரே மேரிக்குப் போனார். மேரி என்றால் எங்கள் கொம்யூனின் நகரசபை ஆபீஸ். பிரெஞ்சுக்காரன் ராஜ்யத்தில் ஒரு குழந்தை தாய் வயிற்றிலிருந்து வந்தால் பிறந்ததாக ஆகாது, மேரியில் எழுதினால்தான் பிறந்ததாக ஆகும். சாவும் அப்படித்தான், கல்யாணமும் அப்படித்தான். என் நிக்காஹை எழுதுங்கள் என்று மனுக் கொடுத்தார். சாராயக் கடையில் நடந்த கல்யாணத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாத குமாஸ்தா, மனுவைப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவிக்கொண்டார்.

புதுச்சேரியிலிருந்து விசாரிக்க வந்த நீதிபதி முசியே துரோவால் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சீக்கிரம் முடித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார். இவருக்கு எங்கள் பழக்கவழக்கங்கள் மேல் கொள்ளைப் பிரியம். பக்கத்தில் துபாசி மரியசுந்தரம் நின்றுகொண்டு மொழிபெயர்ப்பார். மாதா கோயில் தெருக்காரர். பிரெஞ்சைத் தமிழாக்கும்போது அவர் குரல் ஓங்கும். தமிழைப் பிரெஞ்சாக்கும்போது பாதியை விழுங்கிவிடுவார்.

முதல் நாள் மேரியில் நீதிபதி எழுந்து நின்று பேசினார். மரியசுந்தரம் முழங்கினார்:

"குடியரசு உங்கள் வழக்கங்களில் ஒருபோதும் தலையிடாது. உங்கள் வழக்கம் இன்னதென்று உங்களுக்கே தெரியாமல் போகும்போது மட்டும், நாங்கள் அதைக் கண்டுபிடித்து உங்கள் கையில் கொடுப்போம். கொடுத்த பிறகு நீங்களும் அதில் தலையிடக் கூடாது."

கூட்டம் கைதட்டியது. எதற்கென்று கேட்காதீர்கள். கைதட்டுவது அப்போது எங்கள் வழக்கமாக இருந்தது.

காஜியாரைக் கூப்பிட்டார்கள். போதையில் இருப்பவன் சொன்ன சொல் செல்லுமா, செல்லாதா?

"மொதல்ல பொண்ணக் கேக்கணும் தொரை" என்று ஆரம்பித்தார் காஜியார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்" என்றார் மரியசுந்தரம்.

காஜியார் பெருமூச்சு விட்டார். "தன் இஷ்டத்துக்குக் குடிச்சவன் அதயே சாக்கா வச்சித் தப்பிச்சிக்கக் கூடாதுன்னு, அவன் வார்த்த அவனைக் கட்டும்னு எங்க இமாமுங்க பல பேரு சொல்லியிருக்காங்க. தெரியாம குடிச்சாலோ, எவனாவது கட்டாயப்படுத்திக் குடிக்க வச்சாலோ கட்டாது. எப்படிக் குடிச்சாலும் புத்தி மறந்தவன் வார்த்த கட்டாதுன்னு சொன்ன பெரியவங்களும் இருக்காங்க. ஆனா இதெல்லாம் குடிச்சவனுக்கு உண்டான தண்டனையப் பத்தின பேச்சு. குடிச்சது அத்தா, தண்டனை பொண்ணுக்கான்னு கேட்டீங்கன்னா..."

மரியசுந்தரம் நீதிபதி பக்கம் குனிந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதைப் பிற்பாடு பிரெஞ்சு தெரிந்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள்: "செல்லும் என்கிறார். செல்லாது என்றும் சொல்கிறார்."

நீதிபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் சிக்கல் மார்க்கத்தில் இல்லை, விஞ்ஞானத்தில் இருக்கிறது என்றார். அன்றைக்கு மதார் சாயபுவுக்குப் புத்தி இருந்ததா, போயிருந்ததா? இருந்ததென்றால் கல்யாணம் உண்டு. போயிருந்ததென்றால் இல்லை. வேண்டியது ஓர் அளவு.

இப்படியாக, பின்வாசல் வழியாகவே போய் வந்த மனிதர், முன்வாசலில் நின்று தான் குடிகாரன் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. மகளுக்காக அதற்கும் துணிந்தார்.

"குடிச்சிருந்தேன் தொரை. மூக்கு முட்டக் குடிச்சிருந்தேன். ஆளு அடையாளமே தெரியல எனக்கு."

"சாட்சி உண்டா?"

சாட்சிக்கா பஞ்சம்? மதார் பாயைக் குடிகாரன் என்று கோர்ட்டில் பேசுகிறார்களாம் என்று பேட்டை முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நம்ம ஆளை விட்டுக்கொடுக்கலாமா என்று ஜமாத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, வெள்ளைச் சட்டையும் துவைத்த தொப்பியுமாகத் திரண்டு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சத்தியம் செய்தார்கள். மதார் பாய் அஞ்சு வேளைத் தொழுகையாளி என்றார் ஒருவர். சாராய வாடை பட்டாலே அவருக்குக் குமட்டும் என்றார் இன்னொருவர். கடைசியாக வந்த ஹமீது சாயபு, மதார் பாய் இருமலுக்குக்கூட மருந்து குடிக்க மாட்டார் என்றார்.

மதார் சாயபு தலையில் அடித்துக்கொண்டார். "டேய் ஹமீது! அன்னிக்கி என்னைத் தோள்ல தூக்கிப் போட்டு வூட்ல கொண்டாந்து வுட்டவனே நீதானேடா!"

ஹமீது சாயபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் மானத்தக் காப்பாத்தறேன்பா. நீ சும்மா இரு" என்றார்.

ஒவ்வொரு விசாரணைக்கும் சைனம்பு முக்காடு போட்டுக்கொண்டு வந்து மேரிக்கு வெளியே வெயிலில் நிற்பாள். உள்ளே போகப் பார்த்தால் பியூன் ஆதிமூலம் கையை நீட்டித் தடுப்பான். "வழக்கு எதப் பத்தினதோ அது உள்ள வரக் கூடாதும்மா. வெளிய நில்லு." திருட்டு வழக்கில் திருட்டு மாடு வெளியில் கட்டியிருப்பதில்லையா, அதே சட்டம்தான் என்று அவன் விளக்கமும் சொன்னான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்குச் சொன்னதைச் சொன்னான்.

அடுத்து, சாராய இலாகா அதிகாரி உலகநாதன் வரவழைக்கப்பட்டார். அரசாங்கச் சாராயம் போதை தருமா என்று கேட்டார் நீதிபதி. உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தராது என்றால் அடுத்த வருஷம் கடையை ஏலம் எடுக்க ஆள் வராது. தரும் என்றால் குடியரசு தன் குடிமக்களின் புத்தியைக் கெடுக்கிறது என்று ஆகும்.

"எங்கள் சாராயத்தை அளவோடு குடித்தால் ஆரோக்கியம். அளவு மீறிக் குடித்தால் வருமானம். போதை என்று எங்கள் இலாகாவில் எந்த இனமும் கிடையாது. ரோடு, விளக்கு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வருமானத்திலிருந்து வருகின்றன. தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அதில் வந்ததுதான்."

நீதிபதி நாற்காலியில் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தார்.

கடைக்காரன் குழந்தைவேலு கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "கடையில எவனையும் போதை ஆக வுடக் கூடாதுன்னு ஏலத்தப்பவே எழுதி வாங்கிக்கினாங்க சாமி. வுட்டா லைசென்ஸ் பூடும். அதனால நம்ம கடையில குடிச்சி ஒருத்தனும் போதை ஆனதில்ல. ஆவறவன் எல்லாம் வெளிய போயித்தான் ஆவறான்."

கேட்கக் கேட்க நீதிபதிக்குத் தலை சுற்றியது. சாட்சிகளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டினார். பிரான்சு தேசத்தில் ஒரு முறை உண்டாம். நடந்ததை, நடந்த இடத்தில், நடந்த ஆட்களை வைத்து, நடந்தபடியே திரும்ப நடத்திப் பார்ப்பார்களாம். அப்படியே செய்ய உத்தரவானது. மதார் சாயபு அதே கடையில் அதே அளவு சாராயம் குடிக்க வேண்டும்.

இதில்தான் ஒரு விஷயம் இருந்தது. வழக்கு ஆரம்பித்த பிறகு வந்த ரமலான் மாதத்தில் மதார் சாயபு காஜியார் முன்னால் தவ்பா செய்து, பாவமன்னிப்புக் கேட்டு, குடியை விட்டிருந்தார். சந்தை நாளில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். மகள் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு அவளோடு உட்கார்ந்து பேசினார். அம்மா போன பிறகு சைனம்புவுக்கு அப்பன் என்று ஒருவர் வீட்டில் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

காஜியார் நீதிபதி முன்னால் போய் நின்றார். "வுட்டவனக் குடிக்கச் சொல்றீங்களே தொரை, பாவம் இல்லையா?"

நீதிபதி யோசித்துப் பதில் சொன்னார். மரியசுந்தரம் அதைக் கணீரென்று அறிவித்தார்: "பாவத்தைக் குடியரசு ஏற்றுக்கொள்ளும். சாராயச் செலவை மனுதாரர் ஏற்றுக்கொள்ள வேண்டும்."

குறித்த நாள் காலையில் காஜியார் மதார் சாயபுவைத் தனியே கூப்பிட்டார். "மதாரு, காதுல போட்டுக்கோ. நிக்காஹ் விஷயத்துல வெளையாட்டுப் பேச்சும் நெசப் பேச்சுதான்னு மார்க்கத்துல இருக்கு. அன்னிக்கி சாட்சியா இருந்தவனுங்க தள்ளாடிக்கினு இருந்தானுங்க. இன்னிக்கி ஜமாத்தே தெளிவா நின்னுக்கினு இருக்கும். அவன் திரும்பிக் கேக்கறப்ப, நடிப்புக்குக்கூட 'குடுத்தேன்'னு வாயத் தொறக்காத."

"என் பொண்ணு மேல ஆணை காஜியாரே" என்றார் மதார் சாயபு.

சாராயக் கடை வாசலில் பிரான்சின் மூன்று வண்ணக் கொடி கட்டியிருந்தார்கள். நீதிபதிக்கும் அதிகாரிக்கும் நாற்காலி, முன்னால் ஒரு மேஜை. தரையில் நேராக நடந்து காட்டச் சுண்ணாம்பால் ஒரு கோடு. வேடிக்கை பார்க்கக் குருவிநத்தத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் கிளாஸை வாயில் வைத்தபோது மதார் சாயபு அழுதார். அழுதுகொண்டே குடித்தார். தான் நன்றாகப் போதையானால் மகள் தப்பிவிடுவாள் என்று அவர் நம்பினார். அதனால் அடுத்த கிளாஸ்களைக் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஊற்றிக்கொண்டார்.

கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். இரண்டடி வைத்ததும் உலகநாதன் மடியில் போய் விழுந்தார். குறித்துக்கொண்டார்கள். உன் பேரென்ன என்றார்கள். செத்துப்போன மனைவியின் பேரைச் சொன்னார். குறித்துக்கொண்டார்கள். இந்த நாட்டை ஆள்வது யார் என்றார்கள். "கொழந்தவேலு" என்றார். அதைக் குறிக்கலாமா வேண்டாமா என்று நீதிபதி கொஞ்சம் தயங்கினார்.

புத்தி போய்விட்டது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சைனம்புவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கவுஸ் சாயபு துண்டைப் போட்டு, மதார் சாயபுவின் கையைப் பிடித்து, அன்றைக்குக் கேட்டதைக் கேட்டார்.

"உன் பொண்ண எனக்கு நிக்காஹ் செஞ்சி குடுக்கறியாபா?"

நிற்க முடியாத மனிதர் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல அந்த வார்த்தையை உள்ளேயிருந்து இழுத்தார்.

"குடுக்க மாட்டேன்." மூச்சு வாங்கினார். "குடுக்க மாட்டேன்டா!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. வண்டிக்காரர்கள் துண்டைத் தூக்கி வீசினார்கள். ஹமீது சாயபு வாய்விட்டு அழுதார். மதார் சாயபு தடுமாறிக்கொண்டே மகளிடம் போய், "பாத்தியாம்மா, சரியாச் சொல்லிட்டேன்" என்றார்.

நீதிபதி கையை உயர்த்தினார். அவருக்கும் உள்ளம் நெகிழ்ந்திருந்தது. தீர்ப்பைச் சொல்ல, மரியசுந்தரம் முழங்கினார்:

"இந்த மனிதர் போதையின் உச்சத்தில் இருந்தார். அப்போதும் வேண்டாததை வேண்டாம் என்று அவரால் சொல்ல முடிந்திருக்கிறது. ஆகவே போதை அவருடைய புத்தியைத் தொடவில்லை. அன்றைக்கும் வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர் கொடுத்தேன் என்றார். ஆகவே கொடுத்தார். திருமணம் செல்லும். வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்பிவைக்கவும்."

ஆரவாரம் அப்படியே நின்றது. காஜியார்தான் முதலில் வாய் திறந்தார். "அவன் 'குடுத்தேன்'னு சொல்லியிருந்தா?"

"இரண்டு முறை கொடுத்ததாக ஆகியிருக்கும். அதற்குத் தாங்களே சாட்சி" என்று பதில் வந்தது.

மதார் சாயபுவுக்கு எதுவும் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஆதிமூலத்தைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆதிமூலத்தின் இரண்டு கையும் அதில் மாட்டிக்கொண்டதால் சைனம்புவைத் தடுக்க ஆளில்லை. அவள் நேரே நீதிபதியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னை எப்பக் கேப்பீங்க?"

"இவர் யார்?" என்றார் நீதிபதி.

"வழக்கின் பொருள்" என்றார் மரியசுந்தரம்.

"இவர் அன்றைக்குக் குடித்திருந்தாரா?"

"இல்லை."

"அப்படியானால் இந்த விசாரணையில் இவரிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை" என்றார் நீதிபதி. மரியாதையாகத்தான் சொன்னார். தொப்பியைக்கூடத் தொட்டார்.

மேஜையில் அத்தா குடித்து மீந்த சாராயம் அரைக் கிளாஸ் இருந்தது. சைனம்பு அதை எடுத்தாள்.

"வேணாம்மா!" காஜியார் பதறினார். "பாவம்மா!"

"அதத்தான் சர்க்காரு ஏத்துக்குதே காஜியாரே" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். புரையேறிக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. முக்காட்டால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப நானும் குடிச்சிருக்கேன். இப்ப எழுது. எனக்கு இந்த ஆளு வேணாம்."

நீதிபதி பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். உலகநாதனைப் பார்த்தார். உலகநாதன் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"பெண்களுக்குச் சாராயம் விற்கக் கூடாது என்பது ஏலத்தின் ஷரத்து. ஆகவே இவர் குடித்தது சட்டப்படி சாராயமாக இருக்க முடியாது."

"நான் விக்கவே இல்ல சாமி" என்றான் குழந்தைவேலு அவசரமாக.

நீதிபதிக்கு உயிர் வந்தது. பெண் தண்ணீர் குடித்தார் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெயில் ஏறுவதற்குள் புதுச்சேரி போய்ச் சேர வேண்டும் என்று வண்டியில் ஏறினார். எங்களில் சிலர் பழக்க தோஷத்தில் கைதட்டினோம்.

சுல்தான்பேட்டைக்குத் திரும்புகிற வழியில் காஜியார் கூடவே நடந்து வந்தார். "ஆண்டவன் முன்னால இது நிக்காஹ் இல்லம்மா. வெள்ளிக்கெழம அவன் வண்டி வந்தா என்னைத் தாண்டித்தான் வரணும்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் சொன்னார். "ஆனா வேற எடத்துல உனக்கு முடிச்சி வச்சா மேரியில எழுத மாட்டானுங்க. அவன் உசுரோட இருக்கற வரைக்கும் நீ அவன் சம்சாரம்னுதான் அங்க இருக்கும். பொறக்கற புள்ளைக்கும் பேரு இருக்காது." சைனம்பு தலையாட்டினாள். அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனார்.

அப்பனும் மகளும் மட்டும் நடந்தார்கள். மதார் சாயபுவுக்கு அதற்குள் பாதி தெளிந்து, நடந்தது பாதி விளங்கியிருந்தது. புளியமரத்தடியில் சைனம்பு குனிந்து வாந்தி எடுத்தாள். அவர் ஓடிப் போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன சாராயம்மா" என்று அழுதார். "அதுதான் என் வாயில வந்து பேசிடிச்சி."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நானும் அதயேதான் குடிச்சேன் அத்தா. தொண்ட எரிஞ்சிச்சி, தல சுத்திச்சி, ஆனா வாயத் தொறந்தா 'வேணாம்'ங்கறதத் தவிர வேற வார்த்த வரல. உனக்கு மட்டும் எப்படித்தான் 'குடுத்தேன்'னு வந்திச்சி?"

மதார் சாயபு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சைனம்பு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள்.